பார்வையாளர் இல்லாத விழா

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 'பிளாக் ராக்' என்றொரு பாலை உண்டு. பண்டை ஏரி வறண்ட அந்த வெண்களரில் கோடைதோறும் ஒரு நகர் எழுந்து மறைகிறது. 1986-இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்சும் நண்பர் சிலர் சூழ எரித்த ஏறத்தாழ 8 அடி மரப்பாவையே 'பர்னிங் மேன்' எனும் இவ்விழாவின் தோற்றுவாய். 1990-இல் அங்குத் தீமூட்டக் காவலர் தடுக்கவே, பாவை பாலைக்குப் பெயர்ந்தது.

பார்வையாளர் எவரும் இலர் என்பது இவ்விழாவின் நெறி. வருவோர் அனைவரும் ஆடுவர், சமைப்பர், சிற்பம் சமைப்பர். பனிக்கட்டி போன்ற மிகச் சிலவன்றி விற்பனையே இல்லை. ஆயினும் நுழைவுச் சீட்டு இன்று பலநூறு டாலர். 'யாவரும் வருக' என்னும் அழைப்பு இல்லாதார் செவிக்கு எட்டுமோ என நாம் ஐயுறவே வேண்டியுள்ளது.

எனினும் 2000-இல் நிகழ்ந்ததை நாம் எளிதாகத் தள்ள இயலாது. டேவிட் பெஸ்ட் என்னும் சிற்பி, பொம்மை அறுத்து எஞ்சிய பலகைகளால் அங்கொரு கோயில் எழுப்பினார். விபத்தில் மாண்ட நண்பரொருவரின் நினைவு அதில் கலந்தது. வந்தோரும் தாம் இழந்தோரின் பெயர்களை அதன்மேல் எழுதலாயினர். அன்றுமுதல் கோயில் எழுப்புவது வழக்கமாயிற்று. பாவை எரிகையில் பேராரவாரம். கோயில் எரிகையிலோ பல்லாயிரவர் வாய்திறவாது அமர்ந்திருப்பர். பின்னர் தன்னார்வலர் வரிசையாக நடந்து, மண்ணில் கிடக்கும் ஆணிகளையும் மரச்சிராய்களையும் பொறுக்குவர்.