கட்டுமரமும் சுருட்டும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களை மேடையில் அடுக்குகிறவர்கள் ‘கேட்டமரான்’, ‘செரூட்’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். இரண்டும் சோழமண்டலக் கரையில் கப்பலேறியவைதாம். போன இடத்தில் பட்ட பாடு மட்டும் வேறு வேறு.

கட்டுமரத்தின் ஒலி அதிகம் தேயவில்லை. வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட கடற்பயண நூலில் அதைக் குறித்தபோது பொருளும் பழுதில்லாமல் இருந்தது. வம்பு பிறகுதான் வந்தது. 1804-இல் பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கு இந்தப் பெயர் போனது. சண்டைக்காரிகளைத் திட்டவும் இதே சொல்! ‘கேட்’ என்ற முதல் அசையில் ஆங்கிலேயருக்குப் பூனை கேட்டிருக்க வேண்டும். 1876-இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷாஃப், ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி மற்றவர்களைத் திணறடித்தார். இன்று கேட்டமரான் என்றால் அந்த வகைப் படகுதான். அதற்கு முன்னோடி தேட வேண்டுமானால் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிகளிடம் போக வேண்டும். நம் கட்டுமரத்துக்கு உட்குழிவே கிடையாது. ஏறிய அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். பெயர் மட்டும் நம்முடையது, படகு வேறு யாருடையதோ.

சுருட்டின் கதை நேர்மாறு. ஒலி சிதைந்தது, ‘சு’ போய் ‘செ’ வந்தது. பொருள் பெரிதாகக் கெடவில்லை. 1887-இல் வெளிவந்த கோனன் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவலில், துப்பறிபவர் சாம்பலைப் பார்த்தே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். ஆனால் ஆங்கிலம் கொஞ்சம் கஞ்சத்தனம் செய்தது. இரு முனையும் வெட்டுப்பட்டிருந்தால்தான் ‘செரூட்’. மற்றதெல்லாம் ஸ்பானியர் வழி வந்த ‘சிகார்’.

இதில் எனக்குப் பிடித்த முரண் வேறொன்று. புகையிலை நம் செடியே அல்ல. அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அவர்களுடைய ‘தபாகு’ என்ற பெயரை நாம் ஒதுக்கிவிட்டு, புகையும் இலை என்று நாமே ஒன்றை வைத்துக்கொண்டோம். அவர்களோ இலையைக் கொடுத்துச் சொல்லை வாங்கிப் போனார்கள். லிஸ்பன் கடையில் கியூபாவின் ஹவானா சுருட்டைக் கேட்பவரும் இன்று ‘ஷருத்து’ என்றுதான் கேட்கிறார்.