புரண்டு படுத்தால் வரும் மூச்சு

1559இல் வெளிவந்த தன் உடற்கூறு நூலில், இறந்த ஒருவரின் இதயத்துக்குள் கண்ட கட்டியைக் குறித்துவைத்தார் இத்தாலிய மருத்துவர் ரியால்டோ கொலம்போ. இறந்தவர் கர்தினால் என்பதால் காம்பாரா என்ற பெயரும் கூடவே பதிவாகிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இதயக் கட்டி பெரும்பாலும் பிணவறையில் தெரியவந்த நோயாகவே இருந்தது. ஆள் உயிரோடிருந்தவரை அதற்கு வேறு பெயர்கள்.

அந்த வேறு பெயர்களைப் பெண்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். பெரியவர்களின் இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் பரவலாக அறியப்பட்டது மிக்சோமா. புற்றுநோய் அல்ல, கொழகொழப்பாக, பெரும்பாலும் சிறு காம்பில் தொங்குவது. நான்கில் மூன்று இடது மேலறையில் வளர்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. காம்பில் ஆடும் கட்டி மிட்ரல் வால்வின் வாயை அடைக்கும்போது மூச்சிரைக்கும், மயக்கம் வரும். ஸ்டெதஸ்கோப்பிலோ வால்வு சுருங்கியதுபோன்ற ஒலி கேட்கும். ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவான அந்தச் சுருக்கமும் பெண்களிடமே அதிகம். ஆகவே பல மருத்துவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் என்றார்கள். விடாத காய்ச்சல், மூட்டுவலி, மெலிவு என்றால் இதயத் தொற்று, இல்லையேல் இரத்தக்குழாய் அழற்சி. கட்டியே இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைச் சுரந்து உடம்பு முழுவதையும் அலைக்கழிக்கிறது என்பது 1980களில்தான் விளங்கியது. அதுவரை 'உடம்பெல்லாம் வலிக்குது' என்றவளுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? நமக்கும் பழக்கமான பதில்தான்.

ஆனால் கருவிகள் வருமுன்பே ஒரு தடயம் இருந்தது. உட்கார்ந்தால் இரைக்கிறது, படுத்தால், அல்லது ஒரு பக்கம் புரண்டால், சரியாகிறது என்று சில நோயாளிகள் சொன்னார்கள். இதய நோயாளிக்குப் படுத்தால்தான் இரைப்பு கூடுவது வழக்கம் என்பதால் இந்தப் பேச்சு முன்னுக்குப்பின் முரணாகத் தோன்றும். உடம்பு திரும்பும்போது காம்பில் தொங்கும் கட்டியும் நகர்ந்து வழிவிடுகிறது, அவ்வளவுதான். மருத்துவக் குறிப்பின் ஆங்கிலத்தில் நோயாளி எதையும் 'சொல்வதில்லை', 'புகார் செய்கிறார்'. மொழி படித்தவளுக்கு அந்த வினைச்சொல் உறுத்துகிறது.

1940களின் இறுதியில், துடிக்கும் இதயத்துக்குள் விரலை விட்டு வால்வைத் திறக்கும் அறுவை பரவியது. கெட்டிப்பட்ட வால்வைத் தேடிப் போன விரல் சிலரிடம் மெத்தென்ற கட்டியில் முட்டியது. 1950களின் தொடக்கத்தில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம் கைகொடுத்தது. 1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இடது மேலறை மிக்சோமாவை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். நோயாளி 40 வயதுப் பெண். திரும்பத் திரும்ப எழுதப்படும் வரலாற்றில் அறுவை மருத்துவருக்குப் பெயர், இயந்திரத்துக்குப் பெயர். அவளுக்கு வயது மட்டும். கர்தினாலை நினைத்துக்கொள்கிறேன்.

1959இல் ஜெர்மனியில் ஸ்வென் எஃபர்ட் மீயொலியால் இதயக் கட்டியைக் கண்டார். இன்று எக்கோவில் சில நிமிட வேலை. ருமாட்டிக் இதயநோய் இன்னும் ஓயாத நம் நாட்டில், மூச்சிரைக்கும் ஒரு பெண் வாதக்காய்ச்சல், இரத்தசோகை, 'மனக்கவலை' எல்லாவற்றுக்கும் மாத்திரை தின்று முடித்த பிறகே அந்த எக்கோ அறைக்குள் போக நேரலாம்.