மருமகன் வாங்கிய காசு

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு காரில் போகிறீர்களா? திருப்பாச்சேத்தியில் ஒரு டோல்கேட். சேதுபதிகளின் பழைய தலைநகரான போகலூரில் இன்னொன்று. 'எத்தனை தடவைதான்யா அழறது!' என்று முணுமுணுத்தபடி பாம்பன் பாலத்தைத் தாண்டினால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். அந்தப் பெயர்களுக்குப் பின்னாலும் ஒரு வசூல் கதை உண்டு!

1914-ல் ரயில் பாலம் வரும்வரை பாம்பனில் தோணிதான் கதி. வடக்கேயிருந்து நடந்தே வந்தவர்களுக்காக, வழியெல்லாம் சத்திரம் கட்டி, நிலமும் எழுதிவைத்தார்கள் சேதுபதிகள். யார், எவர் என்று தெரியாதவருக்கும் சோறு!

18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர் விஜயரகுநாத சேதுபதி. மகள்கள் இருவரையும் தண்டத்தேவருக்கே கட்டிக்கொடுத்து, ராமேஸ்வரம் நிர்வாகத்தையும் ஒப்படைத்தார். மருமகனோ, தோணியேற வந்த யாத்ரீகர்களிடம் காசு கறந்தாராம்.

சேதுபதிகளும் சுங்கம் வாங்கியவர்கள்தான். ஆனால், அது சரக்குக்கு. சாமி கும்பிட வருகிறவனிடமா கை நீட்டுவது? மருமகன் என்றும் பார்க்காமல் மரண தண்டனை விதித்துவிட்டார் மாமனார் என்கிறது அந்தப் பக்கத்துக் கதை.

'சபாஷ்' என்று கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள். காசு வாங்கியது அவர்களா, என்ன? அவர்கள் நினைவாகத்தான் இரண்டு மடங்களும் எழுந்தனவாம்... யாத்ரீகர்கள் காசு கொடுக்காமல் தங்கிப் போவதற்கு.