மந்தை ஓட்டிய கைகள் யாருடையவை? ஆஸ்திரேலிய மந்தைப் பாதைகளின் வரலாறு



ஆஸ்திரேலிய உள்நாட்டைக் காட்டும் பழைய படம் ஒன்றை மனத்தில் கொண்டு வாருங்கள். அகலத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். குதிரையின் நிழலில் ஒரு நாய் நடந்து வரும். முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆயிரம் மாடுகள் போகும். காலண்டரிலும் சினிமாவிலும் பலமுறை பார்த்த காட்சிதான். இந்தப் படம் பொய் இல்லை, ஆனால் பாதிப் படம். மீதிப் பாதியில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில், மாட்டை ஏன் இப்படி நடத்தியே கொண்டுபோக வேண்டியிருந்தது? காரணம் தூரம். 19-ஆம் நூற்றாண்டில் புல்வெளி இருந்தது வடக்கிலும் உள்நாட்டிலும். இறைச்சி வாங்கும் நகரங்கள் இருந்ததோ தென்கிழக்குக் கடற்கரையில். இரயில் பாதை எல்லா இடத்துக்கும் வரவில்லை. வெட்டிக் கொண்டுபோகலாம் என்றால் குளிர்பதன வசதியும் இல்லை. ஆக, இறைச்சி தன் சொந்தக் காலில் நடந்துதான் சந்தைக்கு வர வேண்டும்!

அதற்காகவே அரசாங்கம் மந்தைப் பாதைகளை ஒதுக்கியது. இவை நம் ஊர் ரோடு மாதிரி அல்ல. சில இடங்களில் ஒரு மைல் அகலம்கூட இருக்கும், ஏனென்றால் மந்தை மேய்ந்துகொண்டே போக வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. பஞ்ச காலத்தில் சிலர் மந்தையை ஓட்டுகிற சாக்கில் அங்கேயே தங்கி, பிறர் புல்லையெல்லாம் மேய விட்டுவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு விதி இருந்தது: ஆட்டு மந்தை ஒரு நாளைக்கு 6 மைல், மாட்டு மந்தை 10 மைல் நகர்ந்தே ஆக வேண்டும். வேகமாக ஓட்டினால் மாடு இளைத்துப்போய் விலை குறையும். மெதுவாக ஓட்டினால் அபராதம். இந்த இரண்டுக்கும் நடுவில் சமாளிப்பதுதான் மந்தை ஓட்டியின் தொழில்.

ஒரு பெரிய மந்தையில் 1,200 முதல் 1,500 மாடுகள் இருக்கும். அதை ஓட்டுவது எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஏழெட்டுப் பேர்தான். தலைமை ஓட்டி ஒருவர், சமையல்காரர் ஒருவர், குதிரைகளை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர், மற்றவர்கள் மந்தையின் இரு பக்கமும் பின்னாலும். ஆனால் குதிரைகள் நாற்பதுக்கும் மேல் இருக்கும். ஒரே குதிரையில் நாள் முழுக்க, மாதக்கணக்கில் ஏறிப்போக முடியாது. ஒவ்வொருவருக்கும் பல குதிரைகள், மாற்றி மாற்றி. அதிலும் இரவுக் காவலுக்கென்று தனிக் குதிரை வைத்திருப்பார்கள். இருட்டில் கால் இடறாத, பதறாத குதிரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஏன் இரவுக் காவல்? படுத்திருக்கும் மந்தை ஒரு சின்னச் சத்தத்துக்கு, ஒரு கிளை முறிந்தால்கூட, மொத்தமாக எழுந்து மிரண்டு ஓடும். குறுக்கே மனிதன் இருக்கிறானா, கூடாரம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. அதனால் காவலர் முறை வைத்து மந்தையைச் சுற்றிக் குதிரையில் மெல்ல வருவார். வரும்போது பாடிக்கொண்டே இருப்பார். பாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பழகிய குரல் ஒன்று தொடர்ந்து கேட்டால் மாடு பயப்படாது, அவ்வளவுதான்.

நாய்க்கு வருவோம். ஆட்டு மந்தையில் நாய் இல்லாமல் வேலையே நடக்காது. ‘கெல்பி’ என்ற இனத்தின் தாய், 1870-களின் தொடக்கத்தில் விக்டோரியாவில் காஸ்டர்டன் ஊருக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பிறந்த பெட்டைக் குட்டி. ஜாக் கிளீசன் என்பவர் ஒரு குதிரையைக் கொடுத்து அதை வாங்கினார் என்று அங்கே இன்றும் கதை சொல்வார்கள். ஒரு நாய்க்குட்டிக்கு ஒரு குதிரை! மாட்டுக்கு வேறு நாய்: மாட்டின் குதிங்காலைக் கடித்து ஓட்டுவதால் ‘ஹீலர்’ என்று பெயர். ஆஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவின் இரத்தம் இதில் கலந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வடக்கின் முரட்டு மாடுகளை நெடுந்தூரம் ஓட்டும்போது பல தலைமை ஓட்டிகள் நாயைச் சேர்க்க விரும்பவில்லை. இரவில் நாய் ஒரு தடவை குரைத்தால் போதும், மந்தை போய்விடும். படத்தில் இருக்கும் நாய் எல்லாப் பாதையிலும் இருந்ததில்லை.

குதிரைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. ‘வேய்லர்’ என்பது இந்தக் குதிரைகளின் பெயர். நியூ சவுத் வேல்ஸ் என்ற இடப்பெயரிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காக இவற்றைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். கல்கத்தாவைப் போல மதராசும் இவை வந்து இறங்கிய துறைமுகம். பின்னர் முதல் உலகப் போருக்கு 130,000-க்கும் அதிகமான குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து போயின. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று, சாண்டி என்ற குதிரை.

சரி, இப்போது பாதைக்கு அடியில் இருந்த நிலத்தைப் பார்ப்போம். 1883-இல் டியூராக் குடும்பத்தார் குவீன்ஸ்லாந்திலிருந்து 7,250 மாடுகளையும் 200 குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினார்கள். கிம்பர்லி வட்டாரத்தின் ஆர்ட் ஆற்றை 1885-இல் அடைந்தபோது ஏறக்குறைய பாதி மாடுகள்தான் மிஞ்சியிருந்தன. நடந்த தூரம் சுமார் 4,800 கிலோமீட்டர். இதைச் சாதனை என்று நூல்கள் புகழ்கின்றன, சாதனைதான். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தது ஆளில்லாத நிலம் அல்ல. மாடு குடித்த ஒவ்வொரு நீர்நிலையும் ஏற்கனவே யாரோ ஒரு பூர்வகுடிக் கூட்டத்தின் நீர்நிலை. அந்த நீரை நம்பித்தான் அவர்களும் அவர்கள் வேட்டையாடிய விலங்குகளும் வாழ்ந்தார்கள்.

இது மிகத் தெளிவாகத் தெரிவது கேனிங் மந்தைப் பாதையில். கிழக்குக் கிம்பர்லி மாடுகளுக்கு உண்ணித் தொல்லை. அதனால் அவற்றைக் கப்பலில் தெற்கே அனுப்பத் தடை இருந்தது. பாலைவனத்தின் வறட்சியில் உண்ணி செத்துவிடும், ஆகவே பாலைவனத்தின் வழியாகவே நடத்திப் போகலாம் என்று யோசனை வந்தது. ஹால்ஸ் கிரீக்கிலிருந்து விலூனா வரை சுமார் 1,850 கிலோமீட்டர். இடையில் ஒரு நாள் நடைக்கு ஒரு கிணறு வேண்டும். 800 மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற அளவு கிணறாக இருக்க வேண்டும். 1906-இல் ஆல்பிரட் கேனிங் நில அளவைக்குக் கிளம்பினார்.

பாலைவனத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேனிங்குக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே வாழ்ந்த மக்கள். அவர்களைப் பிடித்து, கழுத்தில் சங்கிலி போட்டு, ‘காட்டு’ என்று கூட்டிப் போனார்கள். இது பின்னால் யாரோ கிளப்பிய குற்றச்சாட்டு அல்ல. அந்தப் பயணத்தின் சமையல்காரர் எட்வர்ட் பிளேக்கே புகார் கொடுத்தார். 1908-இல் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. சங்கிலி போட்டதைக் கேனிங் மறுக்கவில்லை. ஆணையம் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. அதே ஆண்டு கிணறு வெட்டப் போனார், 1910-இல் வேலை முடிந்தது. ஏறத்தாழ 50 கிணறுகள். அவற்றில் பல, மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அள்ளிக் குடித்த ஊற்றுகளின் மேலேயே வெட்டப்பட்டவை. இப்போது அவை ஆழமான, மரச்சட்டம் போட்ட கிணறுகள். வாளியை இழுத்து ஏற்றுவதே பெரும்பாடு. தண்ணீர் அங்கேதான் இருந்தது, ஆனால் எட்டவில்லை.

1911-இல் முதல் மந்தைகளில் ஒன்றை ஓட்டி வந்தவர்கள் 37-ஆம் கிணற்றருகே கொல்லப்பட்டார்கள். பதிலுக்குப் போன போலீஸ் படை பூர்வகுடியினர் பலரைச் சுட்டுக் கொன்றது. பல கிணறுகளையும் மக்கள் உடைத்தார்கள். இதைப் பாடநூல் நடையில் ‘மோதல்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகாதீர்கள், மாணவர்களே. எதனால் என்பது மேலே இருக்கிறது. இவ்வளவு செய்தும் 1959-இல் கடைசி மந்தை போகும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டில், 40 தடவைகூட அந்தப் பாதையில் மாடு ஓட்டவில்லை.

இன்னொரு பக்கம், வடக்கின் பண்ணைகளை நடத்தியதே பூர்வகுடி மக்களின் உழைப்புதான். ஆண்கள் மட்டுமா? பெண்களும் குதிரை ஏறி மாடு ஓட்டினார்கள். (வெள்ளைக்காரப் பெண்களிலும் எட்னா ஜெசப் என்பவர் உண்டு. 1950-இல் அப்பாவுக்கு அடிபட்டதும் 1,500-க்கு மேற்பட்ட காளைகளைத் தானே பொறுப்பேற்று ஓட்டிப்போனார், 23 வயதில். அவர் பெயரைப் பத்திரிகைகள் கொண்டாடின. பூர்வகுடிப் பெண்கள் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.) சம்பளம் என்று கையில் கிடைத்தது சொற்பம். பல இடங்களில் மாவு, சீனி, தேயிலை, புகையிலை, கொஞ்சம் இறைச்சி, அதோடு சரி. தோட்டத்துக் கடைக் கணக்கைப் பற்றித் தாத்தா பாட்டி பேசக் கேட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1966 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் தொழில் நடுவர் ஆணையம் வட பிரதேசப் பண்ணைகளில் சம ஊதியம் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1968 டிசம்பரிலிருந்துதான்! கிட்டத்தட்ட மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேவ் ஹில் பண்ணையில் குரின்ஜி மக்கள் பொறுக்கவில்லை. (நம் குறிஞ்சி அல்ல, ஒலி மட்டும்தான் ஒன்று.) பிரிட்டனின் வெஸ்டி நிறுவனத்துக்குச் சொந்தமான பெரும்பண்ணை அது. 1966 ஆகஸ்ட் 23-ஆம் தேதி வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் மாடு ஓட்டியவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் குடும்பத்தோடு, சுமார் 200 பேர், வேலையை விட்டு நடந்து வெளியேறினார்கள். முதலில் எல்லாரும் இது கூலிச் சண்டை என்றே நினைத்தார்கள். அவர்கள் கேட்டது நிலம். ஒன்பது ஆண்டு காத்திருந்தார்கள். 1975 ஆகஸ்ட் 16-இல் பிரதமர் கஃப் விட்லம் வந்து சுமார் 3,236 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கான குத்தகைப் பத்திரத்தை லிங்கியாரியிடம் கொடுத்தார்.

சம ஊதியம் வந்தபோது கதை இனிப்பாக முடிந்ததா என்றால், இல்லை. சம்பளம் கொடுப்பதைவிட ஆட்களை அனுப்பிவிடுவது மலிவு என்று பல பண்ணைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். ஹெலிகாப்டரும் மோட்டார் சைக்கிளும் குதிரையின் இடத்தைப் பிடித்தன. பல பெட்டிகளை இழுக்கும் ‘ரோட் டிரெயின்’ லாரிகள் மாதக்கணக்கான நடையை ஓரிரு நாளாக்கின. சொந்த மண்ணிலேயே வேலை பார்த்து, அதனால் அங்கேயே வாழ முடிந்த குடும்பங்கள் ஊர் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. காரணம் எது, கூலித் தீர்ப்பா இயந்திரமா? வரலாற்று ஆசிரியர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு எடை கொடுக்கிறார்கள். என் கருத்தில் லாரி எப்படியும் வந்திருக்கும். தீர்ப்பின்மேல் மட்டும் பழி போடுவது பண்ணைக்காரர்களுக்கு வசதியான வாதம்.

ஆசிரியர்களுக்கு வகுப்பில் பயன்படக்கூடிய ஒரு செய்தி. 1975 நிகழ்ச்சியின் புகழ்பெற்ற புகைப்படத்தில், விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணைக் கொட்டுகிறார். பின்னால் நீல வானம். எடுத்தவர் மெர்வின் பிஷப், அவரும் பூர்வகுடியினரே. உண்மையில் மண் கொடுத்தது கூரைக்குக் கீழே, வெளிச்சம் போதாத இடத்தில். பிஷப் இருவரையும் வெளியே வரச் சொல்லி மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னார். நமக்குத் தெரிந்த படம் அந்த இரண்டாம் முறையில் எடுத்தது. சான்று ஆய்வுப் பயிற்சிக்கு இந்தப் படத்தையும், தொப்பி, குதிரை, நாய் இருக்கும் பழைய மந்தைப் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். எது ‘அதிகம் நம்பத்தக்கது’ என்று மாணவர்கள் வாதாடட்டும். ஒவ்வொரு படத்திலும் கேமராவுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.