மசாஜ் சென்டர் போறீங்களா? போலீஸ் ரெய்டு முதல் வீடியோ மிரட்டல் வரை... உஷாரா இருக்க வேண்டியது எங்கே?

‘வீட்டுக்கே வந்து மசாஜ்’ என வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வரும். கூடவே ஒரு பெண்ணின் போட்டோ, ரேட் கார்டு. ரிப்ளை செய்தால் முதலில் புக்கிங் சார்ஜ் கேட்பார்கள், அப்புறம் டெபாசிட். கடைசி வரை யாரும் வர மாட்டார்கள். ஆனால் உங்கள் நம்பரும் பெயரும் அவர்கள் கையில் போய்விடும். ‘இவர் எப்படியும் வெளியில் சொல்ல மாட்டார்’ என்ற தைரியம்தான் இந்தக் கும்பல்களின் முதலீடே.

அதனால் முன்பணம் கேட்டாலே விலகிவிடுங்க. நேரில் போகும் இடத்தில் தொழில் உரிமம், கட்டண போர்டு, பில் இருக்கிறதா என்று பாருங்க. ரிசப்ஷனில் சொன்ன ரேட் உள்ளே போனதும் மாறினால், எழுந்து வந்துவிடுவதே நல்லது.

போனாலே குற்றமா?

மசாஜ் செய்துகொள்வது குற்றம் இல்லை. பாலியல் தொழில் நடக்கும் இடம் என்றால்தான் சிக்கல். 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துபவர், புரோக்கர் ஆகியோரைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. ரெய்டின்போது மசாஜ் சென்டரில் இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் மீது போட்ட வழக்கை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பணம் கொடுத்துப் போகிறவர் மீதும் வழக்கு தொடரலாம் என 2025இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, ‘கஸ்டமருக்கு ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் வாடிக்கையாளருக்கும் 3 மாதம் வரை சிறை உண்டு.

இன்னொரு விஷயத்தில் சமரசமே கிடையாது. கடத்தி வரப்பட்டவர் எனத் தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ பாலியல் சுரண்டலில் ஈடுபட்டால் 3 முதல் 7 ஆண்டுகள் சிறை. சிறார் என்றால் 5 முதல் 10 ஆண்டுகள், கூடவே போக்சோவும் பாயும். அந்தப் பெண் வாயே திறக்காமல் இன்னொருவர்தான் பதில் சொல்கிறாரா? பயந்து நடுங்குகிறாரா? வெளியே வந்து 112க்குச் சொல்லுங்க. சிறுமி என்றால் 1098.

ரெய்டு வந்தால்?

ஓடக் கூடாது. பெயர், முகவரியைச் சரியாகச் சொல்லுங்க. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ‘இங்கேயே கொடுத்து முடிச்சுக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் லஞ்சம் கேட்கிறார், இல்லையென்றால் போலி போலீஸ். இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வீடியோ இருக்குன்னு மிரட்டினால்?

மசாஜ் அறைக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல் மீதான உரிமையை மீறுவது என 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. சம்மதமின்றி அந்தரங்கத்தைப் படம்பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. இது ஆண்களுக்கும் பொருந்தும். பணம் கேட்டு மிரட்டினால் 7 ஆண்டு வரை.

ஒரு தடவை கொடுத்தால் மறுபடி மறுபடி கேட்பார்கள். அதனால் பணம் அனுப்பாதீங்க, சாட்டை அழிக்காதீங்க. ஸ்க்ரீன்ஷாட், யுபிஐ ஐடி, போன் நம்பர் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்க. ஏற்கெனவே அனுப்பிவிட்டால் உடனே 1930க்கு கால் செய்யுங்க. சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு இருக்கும். உள்ளூர் ஸ்டேஷனில் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று கூச்சமாக இருந்தால், வேறு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.