எந்த எண்ணெய்க்கு எந்த ரப்பர்?

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தர வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, கல்லூரி வரலாற்றை எழுத மூத்தவர்கள் இருக்க நமக்கென்ன வேலை என்று தயங்கினேன். எனக்குத் தெரிந்தது பிரேக்கின் வரலாறு. அதையே எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தவறும் உண்டு. பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

2010-ஆம் ஆண்டு. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை திறந்த வருஷம். நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். என் அறை நண்பனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய மவுண்டன் பைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வைத்தது! ஹாஸ்டலே கூடி வேடிக்கை பார்த்தது. ஆனால் முன் பிரேக்கின் லீவர் உடைந்திருந்தது. நான்தான் வேறொரு கம்பெனியின் பழைய லீவரைத் தேடிப்பிடித்து, ஹோஸை மாட்டி, மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட்-4 பிரேக் ஆயிலை நிரப்பி, ஏர் எடுத்துக் கொடுத்தேன். கும்முனு பிடித்தது. "மச்சான், நீ இன்ஜினியர்டா!" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரத்தில் சக்கரம் உரச ஆரம்பித்தது. "புது பேடு, செட்டாகிடும்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு, படப்பை கடைத்தெரு அருகே முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென நிற்க, அவன் பிரேக்கை அழுத்தினான், பிடிக்கவில்லை. லாரியில் மோதாமல் இடப்பக்கம் ஒடித்துப் பள்ளத்தில் விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது.

சைக்கிளைப் பக்கத்திலிருந்த கார் மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் அம்பாசிடர் காலத்து ஆள். காலிப்பரைத் திறந்து, உப்பிப்போன சீலையும் எண்ணெயில் நனைந்த பேடையும் காட்டிக் கேட்டார்: "தம்பி, எந்த எண்ணெய்க்கு எந்த ரப்பர்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஹைட்ராலிக் பிரேக்கின் வரலாறே அந்தக் கேள்விக்கான பதில்தான் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரேயளவு பரவும் என்ற பாஸ்கல் விதி, அவர் இறந்தபின் 1663-இல் அச்சான நூலில் இருக்கிறது. ஆனால் அது காரின் பிரேக்காக மாற இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. விமானக் கம்பெனியால் பெயர்பெற்ற லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவரான மால்கம், 1917-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. விதி சரி, சிலிண்டர் சரி, ஒழுகியது கப்புதான். அது தோலில் செய்தது. கிரைஸ்லர் பொறியாளர்கள் அதை ரப்பருக்கு மாற்றி, 1924-இல் தங்கள் காரில் பொருத்திய பிறகே உலகம் இந்த பிரேக்கை நம்பியது.

அந்த நாளில் உள்ளே ஊற்றியது என்ன தெரியுமா? நம்ம விளக்கெண்ணெய்! ஆல்கஹாலோடு கலந்து ஊற்றினார்கள். மண்ணெண்ணெய், கிரீஸ் போன்ற பெட்ரோலிய வகைகள் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிவிடும், விளக்கெண்ணெய்க்கு உப்பாது. பின்னால் கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. டாட்-3, டாட்-4 எல்லாம் இந்த ஜாதிதான்.

நம் பக்கத்துக்கு இந்தத் தொழில் 1962-இல் வந்தது. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. "டி.வி.எஸ். கர்லிங்" என்ற பெயர் தெரியாத மெக்கானிக் நம் மாநிலத்தில் இருக்க மாட்டார். கப்பை பிரேக் ஆயிலில் மட்டுமே கழுவ வேண்டும், மண்ணெண்ணெய் படக்கூடாது என்பது ஷெட்டில் பையன்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

இன்னொரு கிளையும் உண்டு. பிரான்சின் சித்ரோவன் கம்பெனி 1966-இல் தன் கார்களுக்குப் பச்சை நிற மினரல் எண்ணெயைக் கொண்டுவந்தது. ரப்பரையும் அதற்கேற்ப மாற்றியது. பழையதும் புதியதும் கலந்துவிடக் கூடாதென்று பாகங்களுக்கே பச்சை பெயின்ட் அடித்தார்கள்.

மவுண்டன் பைக்கில் இந்த இரண்டு கிளைகளும் வந்து மோதின. ஷிமானோ, மகுரா ஆகியவை மினரல் எண்ணெய். ஹேய்ஸ், பழைய ஏவிட் ஆகியவை டாட் திரவம். இப்போது குழப்பம் இன்னும் கூடிவிட்டது: காலங்காலமாக டாட் ஊற்றிவந்த சிராம், 2022-இல் டிபி-8 என்ற பிரேக்கை மினரல் எண்ணெயில் வெளியிட்டது. கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. நான் மாட்டிய லீவர் டாட் வகை, காலிப்பர் மினரல் வகை. எதை ஊற்றியிருந்தாலும் ஒரு பக்கத்து ரப்பர் கெட்டே தீரும். அந்தச் சேர்க்கையே தப்பு.

எண்ணெய் ஒத்துப்போனாலும் கணக்கு ஒன்று பாக்கி. காலிப்பர் பிஸ்டன் விட்டம் 22 மி.மீ., லீவர் பிஸ்டன் 10 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு விகிதம் 4.84. லீவர் பிஸ்டன் 12 மி.மீ. ஆனால் விகிதம் 3.36. கைக்கு லீவர் கல்லு மாதிரி "நல்லா" இருக்கும். ஆனால் பிடிப்பு முப்பது சதவீதம் குறைந்திருக்கும். மாறாக லீவர் பிஸ்டன் சிறிதானால், பிடிக்குமுன்பே லீவர் ஹேண்டில்பாரில் முட்டும்.

தம்பிகளே, பழைய பாகங்களை மாற்றி மாட்டிப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நான் கற்றதெல்லாம் அப்படித்தான். ஆனால் மூடியில் எழுதியிருக்கும் திரவத்தின் பெயரைப் படியுங்கள், பிஸ்டனை அளந்து பாருங்கள், தெரியாத சீல் என்றால் பிரேக்கில் மட்டும் விளையாடாதீர்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இன்று லாரிகள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டன.

இன்று நான் ஒரகடத்தில் பிரேக் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அன்று நண்பனிடம் "பழைய சாமான்டா, என்ன பண்றது" என்று சொல்லித் தப்பித்தேன். சாமான் பழையதுதான், தப்பு என்னுடையது. சந்திப்பு நாளில் அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். நேரில் சொல்வதற்கு முன் இங்கே எழுதிவிட்டேன். மச்சான், மன்னிச்சிடுடா.