மேடை எல்லாருக்கும் ஆன கதை



பரிசளிப்பு விழா என்றதும் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும்தான் நினைவுக்கு வரும். "ஆட்டம் பாட்டு சோறு போடுமா? படிப்பு கெட்டுப் போகாதா?" என்று கேட்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய கதை.

ரப்பர்த் தோட்டங்களில் அந்நாளில் விடியுமுன்னே பெரட்டு, பிறகு பால்மரம், மாலையில் பலருக்குக் கள்ளுக்கடை. கலை என்றால் ஆண்டுக்கொரு மாரியம்மன் திருவிழா. அன்று விடிய விடியக் கூத்து நடக்கும். ஆனால் அந்தக் கொட்டகைக்குள்ளும் வேலி இருந்தது. பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். பறையடிப்பவர் இல்லாமல் திருவிழா இல்லை. ஆனாலும் அவரைத் தள்ளியே நிறுத்தினார்கள். சில தோட்டங்களில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு லயம்கூடத் தனி. பட்டணத்துச் சபாக்களில் கச்சேரிகள் நடந்தன. பால்வெட்டுக்காரர் அங்கே போக நேரமேது, காசேது?

இந்த வேலியை அசைத்தது சீர்திருத்தக் காற்று. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. அதில் முன்னின்று உழைத்தவர் திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி. 1935இல் அவர் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். சாதி, சமயம் பாராமல் தமிழர் அனைவரும் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும் என்று எண்ணினார். அப்படித்தான் 1952இல் பொங்கலையொட்டித் 'தமிழர் திருநாள்' மலர்ந்தது. சிங்கப்பூரில் தொடங்கி மலாயாவின் பல ஊர்களுக்கும் அது பரவியது.

அந்த விழாவின் உயிர் எது தெரியுமா? பேச்சு, பாட்டு, நாடகம் என்று நடந்த போட்டிகள்தான். கோயில் திருவிழாவில் யார் எதைச் செய்வது என்பதைப் பிறப்பும் வழக்கமும் முடிவு செய்தன. போட்டி மேடையிலோ, "நீ என்ன சாதி?" என்று கேட்க இடமில்லை, "நீ நல்லாப் பாடுவியா?" என்ற கேள்விதான். பாட்டை மனனம் செய்யப் பிள்ளை எழுத்தைப் படித்தாக வேண்டும். பேச்சுக்குப் பழகும்போது உச்சரிப்பு திருந்தியது. தொரையைக் கண்டாலே ஒதுங்கி நின்ற தகப்பனுக்கு, தன் மகன் நூறு பேர் முன்னால் தலைநிமிர்ந்து பேசுவது எத்தனை பெரிய செய்தி! "என் புள்ளயும் பேசுறான்" என்ற அந்தத் தெம்புக்குக் கூலிக் கணக்கில் விலையில்லை. சமுதாய முன்னேற்றம் என்பது அதுதான்.

கோ. சா. 1974இல் மறைந்தார். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். இன்று நடன வகுப்புகள் நிறைய உண்டு. கட்டணமும் உண்டு, சலங்கைக்குச் செலவும் உண்டு. பழைய வேலி சாதியால் ஆனது. புதிய வேலி காசால் ஆனது. இரண்டுக்கும் வெளியே நிற்பது ஏழைப் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளைக்குக் காசில்லாமல் கிடைக்கும் மேடை தமிழ்ப்பள்ளி மேடை ஒன்றே. ஆகவே ஆசிரியப் பெருமக்களே, நன்றாகப் பாடும் நாலு பேரை மட்டும் ஆண்டுதோறும் ஏற்றாதீர்கள். கடைசி வரிசையில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் கூப்பிடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கும்மியோ சிலம்பமோ பழகினால் "போதும் நிறுத்து" என்று சொல்லாதீர்கள்.

இன்று மேடையேறும் பிள்ளை நாளை எந்தச் சபையிலும் அஞ்சாமல் நிற்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!